ஆய்வின் கேள்வியும் ஆய்வுக்குள்ளாவோரின் உரிமையும்

மாற்றுத்திறனாளி இளையோரைப் பற்றிய ஆய்வில், அவர்களின் ஒப்புதலைப் பெற்றுவிட்டாலே அறம் நிறைவேறிவிடுமா, அல்லது எதை ஆராய்வது என்று முடிவெடுக்கும் இடத்திலேயே அவர்களும் அமர வேண்டுமா என்ற வினாவுக்கு இந்தியச் சட்டம் பாதி விடையே தந்திருக்கிறது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2017ஆம் ஆண்டு நெறிமுறைகள், பெற்றோரின் ஒப்புதலோடு, 7 வயதைக் கடந்த சிறாரிடம் வாய்மொழியாகவும் 12 முதல் 18 வயதினரிடம் எழுத்து மூலமாகவும் இசைவு, அதாவது தனக்குப் புரிந்த அளவில் சிறார் தாமே தெரிவிக்கும் சம்மதம், பெற வேண்டும் என்கின்றன. ஆயினும் இசைவு கேட்கும் நேரத்தில் கேள்வித்தாள் அச்சாகியிருக்கும். மறுப்பதற்கு உரிமை உண்டு, திருத்துவதற்கு இல்லை.

இந்த வேறுபாடு சிறியதன்று. வண்டலூரிலிருந்து வரும் வெளிவட்டச் சாலை முடியும் மீஞ்சூரில், எண்ணூர், காட்டுப்பள்ளித் துறைமுகங்களுக்கான கன்டெய்னர் லாரிகள் ஓடும் சாலையைப் பார்வையற்ற மாணவி ஒருத்தி கடக்க வேண்டியிருப்பதாகக் கொள்வோம். பள்ளி எத்தனை கிலோமீட்டர், உதவித்தொகை வருகிறதா என்று ஆய்வாளர் கேட்கக்கூடும். செவியையே நம்பி நடப்பவளுக்கோ, லாரியின் இரைச்சலில் பின்னால் வரும் இருசக்கர வண்டியின் ஓசை அமுங்கிப்போவதே முதல் இடர். அந்த இடரைப் பற்றிய கேள்வி எந்தத் தாளிலும் இடம்பெறாவிட்டால் அதற்கான பதிலும் எந்த அறிக்கையிலும் இராது. பதில் இல்லாத தேவைக்கு எந்தத் துறையும் நிதி ஒதுக்குவதில்லை.

ஏற்கெனவே சிகிச்சைக்கும் பயணத்துக்கும் நேரத்தை இழப்பவர்கள்மேல் மற்றொரு வேலையையும் ஏற்றுவதா என்பது, கேள்விகளை வகுப்பதில் இளையோரைச் சேர்ப்பதற்கு எதிரான வாதங்களில் வலுவானது. அதைத் தட்டிவிட முடியாது. ஆனால் அந்தச் சுமையைக் குறைக்கும் வழி அவர்களை விலக்குவதன்று, அவர்களின் உழைப்புக்கு ஊதியமும் துணைக்கு வருபவருக்குப் பயணச் செலவும் ஆய்வின் நிதித்திட்டத்திலேயே ஒதுக்குவது. அதைச் செய்யாமல் ஓரிருவரைக் குழுவில் பெயருக்கு அமர்த்துவது, கேளாமலே விடுவதைவிடக் கேடானது, ஏனெனில் அவர்கள் சொல்லாத கருத்துக்கு அவர்களின் பெயரே சான்றாகிவிடுகிறது. பேச்சு வராத, அல்லது அறிவுசார் குறைபாடுள்ள இளைஞர் விஷயத்தில் தாயோ தந்தையோ பதில் சொல்லிவிடுவதும் இயல்பே. அவர்களின் அன்பில் ஐயமில்லை. எனினும் மகனைப் பாதுகாப்பாக வீட்டில் வைத்திருக்க விரும்பும் தாயும், தனியே ரயிலேறிப் பொன்னேரிக்குப் போக விரும்பும் மகனும் ஒரே கேள்வியைக் கேட்கமாட்டார்கள். படஅட்டைகளும் போதிய நேரமும் இருந்தால் மகனிடமிருந்தே விருப்பத்தை அறிய இயலும்.

2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் இங்குதான் தயங்குகிறது. தம்மைப் பாதிக்கும் அனைத்திலும் கருத்துரைக்க மாற்றுத்திறனாளிக் குழந்தைகளுக்கு உரிமையுண்டு என்கிறது அதன் 4ஆம் பிரிவு. ஆய்வுகளுக்கு முன்அனுமதி தரும் குழுவில் பாதிக்குக் குறையாதோர் மாற்றுத்திறனாளிகளாகவோ பதிவுபெற்ற அமைப்பின் உறுப்பினர்களாகவோ இருக்க வேண்டும் என்கிறது 6ஆம் பிரிவு. அத்தகைய அமைப்பு என்பதில் பெற்றோர் சங்கங்களும் தொண்டு நிறுவனங்களும் அடங்குவதால், மாற்றுத்திறனாளி ஒருவர்கூட இல்லாமலே அந்தப் பாதியை நிரப்பிவிட முடியும். இளையோருக்கென அந்தப் பிரிவு ஓர் இருக்கையும் குறிப்பிடவில்லை. 4ஆம் பிரிவு தரும் உரிமையை 6ஆம் பிரிவின் குழுவுக்குள் கொண்டுவர, விதிகளில் இளையோருக்கு வாக்குரிமையுள்ள இடங்களை ஒதுக்கினாலே போதும்.