குவியலும் நிறைவும்

பொருள் பெருகினால் மனநிறைவும் பெருகுமா என்னும் கேள்வி மிகப் பழையது. உபநிஷத்துக்களின் ரிஷிகளும், கபிலவஸ்துவைத் துறந்து சென்ற கௌதமரும், நம் வள்ளுவரும் அதனைத் தத்தம் வழியில் ஆராய்ந்து விடை கூறியிருக்கிறார்கள். ஆயினும் அது ஒவ்வொரு தலைமுறையின் முன்னும் ஒரு புது வேஷத்தில் வந்து நிற்கிறது. நம் காலத்தில் அது, ஜப்பானிய அனிமே கதைகளைத் தழுவி அச்சாகும் விளையாட்டுச் சீட்டுகளின் வடிவில் குழந்தைகளின் கைக்கே வந்துவிட்டது என்று கருதுகிறேன். விளையாட்டுப் பொருளைப் பற்றித் தத்துவ விசாரம் எதற்கு என்று சிலர் கேட்கலாம். பற்று எங்கே பிறந்து எவ்வாறு வளர்கிறது என்பதை அறிய விரும்புகிறவன், அது தன்னை மறைத்துக்கொள்ளாமல் வெளிப்படும் இடத்தையே முதலில் நாடிச் செல்ல வேண்டும். விளையாட்டைப் போல அத்தகைய இடம் வேறொன்று இல்லை.

1993ஆம் ஆண்டில் ரிச்சர்ட் கார்ஃபீல்டு என்ற அமெரிக்கக் கணித அறிஞர் அமைத்த ‘மேஜிக்: தி கேதரிங்’ என்னும் ஆட்டமே இந்த வகைச் சீட்டாட்டங்களுக்கு மூலம். எல்லோருக்கும் பொதுவான ஒரே சீட்டுக்கட்டை வைத்து ஆடும் பழைய சம்பிரதாயத்தை மாற்றி, உள்ளே இருப்பது இன்னதென்று தெரியாத பாக்கெட்டுகளை வாங்கிப் பிரித்து, கிடைத்தவற்றையும் நண்பர்களிடம் மாற்றிப் பெற்றவற்றையும் கொண்டு ஒவ்வொருவரும் தமக்கென ஒரு கட்டை அமைத்துக்கொள்ளும் முறையை அது வகுத்தது. 1996இல் ஜப்பானில் ‘போக்கிமான்’ என்னும் கற்பனை உயிர்களின் சீட்டுகள் வெளிவந்தன. அதே ஆண்டில் கஸுகி தகஹாஷி தொடங்கிய ‘யூ-கி-ஓ’ என்ற சித்திரக் கதையில், பல ஆட்டங்களுள் ஒன்றாக இடம்பெற்ற சீட்டாட்டம் வாசகர்களின் உள்ளத்தைக் கவர்ந்து, நாளடைவில் கதையின் மையமாகி, 1999இல் கொனாமி நிறுவனத்தின் வழியே மெய்யான ஆட்டமாகவே வெளிவந்தது. போக்கிமானைப் படைத்த ஸதோஷி தஜிரியோ, சிறு வயதில் பூச்சிகளைத் தேடிப் பிடித்துச் சேர்த்த அனுபவத்திலிருந்தே தம் கற்பனை பிறந்ததாகக் கூறியவர். ஆகவே இந்த விளையாட்டுகளின் உற்பத்தி ஸ்தானம் அன்புதான். கதையின்மேல் கொண்ட அன்பும், உலகின் விசித்திரங்களைக் கண்டு வியக்கும் பாலப் பருவத்தின் ஆவலுமே அவற்றை ஈன்றன. இதை மறந்துவிட்டு அவற்றைப் பழிப்பது நியாயமாகாது.

ஆனால் அன்பு ஈன்றதை வியாபாரம் வளர்த்த விதம் வேறு. பண்டாய் என்னும் ஒரு நிறுவனம் மட்டும் 2020இல் டிஜிமான், 2022இல் ஒன் பீஸ், 2023இல் பல அனிமே கதைகளை ஒருங்கே அடக்கிய யூனியன் அரீனா, 2024இல் டிராகன் பால் ஃப்யூஷன் வேர்ல்டு, 2025இல் குண்டம் என்று ஐந்து புதிய சீட்டாட்டங்களை அடுத்தடுத்து வெளியிட்டது. ஒவ்வொன்றுக்கும் தனி விதிகள், தனிச் சீட்டுகள், சில மாதங்களுக்கு ஒருமுறை புதிய தொகுதி. போக்கிமான் சீட்டுகள் மட்டுமே, 2025 மார்ச் வரையில், 7,500 கோடிக்கு மேல் அச்சாகியிருக்கின்றன. அந்த வெள்ளத்தின் நடுவிலேயே, 1990களின் இறுதியில் ஓவியப் போட்டியில் வென்றவர்களுக்குப் பரிசாக அளிக்கப்பட்ட, பிக்காச்சு என்னும் போக்கிமானின் சீட்டு ஒன்று 52 லட்சத்து 75 ஆயிரம் டாலருக்குக் கைமாறியதென்றால், மிகுதியும் அருமையும் ஒன்றையொன்று பகைக்கவில்லை, ஒன்றையொன்று போஷித்து வளர்கின்றன என்றே கொள்ள வேண்டியிருக்கிறது.

சமயப் பெரியோர்களும் நீதிமன்றங்களும் இதைப் பற்றிச் சிந்திக்காமல் இல்லை. 1999இல் அமெரிக்கப் பெற்றோர் சிலர், அரிய சீட்டு கிடைக்குமா என்று காசைக் கொடுத்துப் போக்கிமான் பாக்கெட்டைப் பிரிப்பது சூதாட்டமே என்று வழக்குத் தொடுத்தார்கள். 2000இல் இத்தாலியக் கத்தோலிக்கத் தொலைக்காட்சி ஒன்று, குழந்தைகளின் கற்பனையை வளர்க்கும் விளையாட்டு என்று போக்கிமானைப் பாராட்டியது. 2001இல் சவூதி அரேபியாவின் மார்க்க அறிஞர்கள், பிற காரணங்களோடு சூதின் தன்மையையும் காட்டி அதைத் தடை செய்யும் பத்வா அளித்தார்கள். ஆக, இதைப் பழித்தவர்கள் எழுப்பிய கேள்வி பெரும்பாலும் ஒன்றே: இது சூதா, அல்லவா? அக்கேள்வியைத் தள்ளிவிட நான் துணியேன். எனினும் வள்ளுவர் சூதைப் பொருட்பாலில், 94ஆம் அதிகாரமாக வைத்தார். அவாவறுத்தலையோ அறத்துப்பாலில், துறவறவியலில், 37ஆம் அதிகாரமாக வைத்தார். சூது மனிதனின் செல்வத்தையும் வாழ்வையும் கெடுப்பது. அவா அவனுடைய ஆத்மாவையே கட்டுவது. இந்தச் சீட்டுகளைச் சூதின் அதிகாரத்தில் வைத்து விசாரித்தவர்கள், அவாவின் அதிகாரத்தில் வைத்து விசாரித்திருந்தால் இன்னும் ஆழமாகச் சென்றிருப்பார்கள் என்பதே என் எண்ணம்.

அவாவின் இயல்பைக் கணிதமே ஓரளவு விளக்கிக் காட்டுகிறது. ஒரு தொகுதியில் நூறு வகைச் சீட்டுகள் இருப்பதாகவும், அவை எல்லாம் சம எண்ணிக்கையில் அச்சிடப்பட்டு, முகம் தெரியாமல் ஒவ்வொன்றாக விற்கப்படுவதாகவும் கொள்வோம். முதல் 50 வகைகளை அடையச் சராசரியாக 69 சீட்டுகள் வாங்கினால் போதும். நூறு வகைகளையும் அடைய 519 வாங்க வேண்டும். எஞ்சி நிற்கும் கடைசி ஒன்றுக்காக மட்டுமே 100 வாங்க வேண்டியிருக்கும். சில வகைகளை வேண்டுமென்றே அரிதாக அச்சிட்டால் இக்கணக்கு இன்னும் எத்தனையோ மடங்கு கொடியதாகும். அதாவது, கையிலுள்ளவை கூடக் கூட, இல்லாத ஒன்றின் விலை ஏறிக்கொண்டே போகிறது. நிறைவை நெருங்க நெருங்க நிறைவு விலகுகிறது. மகன் பூருவின் இளமையைக் கடன் வாங்கி நெடுங்காலம் போகங்களை அனுபவித்த யயாதி, அனுபவத்தால் ஆசை அடங்குவதில்லை என்று இறுதியில் உணர்ந்ததாக மகாபாரதம் கூறும் கதையின் சாரமும் இதுவே. முழுத் தொகுதி என்ற ஆசை எவ்வளவு வலியது என்பதை ஜப்பானிய அரசும் அறியும். கைபேசி விளையாட்டுகளில், அதிர்ஷ்டத்தால் வரும் பொருள்கள் அனைத்தையும் சேர்த்தவருக்கே பெரும்பரிசு என்னும் முறை சட்டவிரோதமானது என்று 2012இல் அதன் நுகர்வோர் விவகாரத் துறை அறிவித்தது.

இந்த அவா எதை எதைத் தள்ளிவிடுகிறது என்பதையும் பார்க்க வேண்டும். 1970களின் தொடக்கத்தில் ஜப்பானில் கல்பீ நிறுவனம் ‘காமென் ரைடர்’ என்ற தொலைக்காட்சிக் கதையின் படச் சீட்டுகளைத் தின்பண்டத்தோடு சேர்த்து விற்றபோது, குழந்தைகள் சீட்டை எடுத்துக்கொண்டு பண்டத்தை எறிந்துவிட்டார்கள். அது நாடறிந்த பிரச்சினையாயிற்று. அன்று சீட்டுக்காக உணவு எறியப்பட்டது; இன்று அரிய சீட்டுக்காகச் சாதாரணச் சீட்டு எறியப்படுகிறது; பாக்கெட்டைப் பிரிக்காமலே பூட்டி வைத்து விலை ஏறக் காத்திருப்பவர்களால் ஆட்டமே எறியப்படுகிறது; கடைசியில், எந்தக் கதையின்மேல் கொண்ட அன்பினால் இவையெல்லாம் தொடங்கினவோ அந்தக் கதையும் எறியப்படுகிறது. பௌத்தர்கள் கூறும் பிரேத லோகத்தில், பெருவயிறும் ஊசித் தொண்டையும் கொண்ட ஜீவன்கள் உணவின் நடுவிலேயே பசித்துத் திரிகின்றன. ஜப்பானியர் அந்த ஜீவன்களைச் சுமார் எண்ணூறு ஆண்டுகளுக்கு முன்பே நீண்ட ஓவியச் சுருளாகத் தீட்டி, இன்றும் கியோத்தோ அருங்காட்சியகத்தில் பாதுகாத்து வருகிறார்கள். மிகுதியின் நடுவில் பசி என்பதை அந்நாடு நன்கு அறிந்தே இருக்கிறது.

மிகுதி என்பது ஏழைக் குழந்தைக்கும் கிடைக்கச் செய்யும் வழியல்லவா என்று ஒருவர் ஆட்சேபிக்கலாம். அந்த ஆட்சேபம் மதிப்புக்குரியது. ஒரே சீட்டை மேலும் மேலும் அச்சிட்டு எல்லோருக்கும் எட்டச் செய்வது தானத்துக்கு ஒப்பான நற்செயல் என்றே சொல்வேன். ஆனால் நடந்தது என்ன? மேஜிக் ஆட்டத்தின் பழைய சீட்டுகளை 1995இல் மறுபடி அச்சிட்டபோது சேகரிப்பாளர்கள் வெகுண்டார்கள். குறிப்பிட்ட சில சீட்டுகளை இனி அச்சிடுவதில்லை என்று அதை வெளியிடும் நிறுவனம் 1996இல் வாக்களிக்க நேர்ந்தது. பிறரிடம் இல்லை என்பதே தன்னிடம் உள்ளதன் மதிப்பு என்ற மனோபாவம் வேரூன்றிவிட்டால், அச்சகம் எத்தனை கோடி அச்சிட்டாலும் வறுமை தீராது. ஏனெனில் அந்த வறுமை திட்டமிட்டுச் செய்யப்பட்டது. பிரதிகள் பெருகுவதைக் குறித்து எனக்கு வருத்தமில்லை. தொகுதிகளும், அருமையின் படிநிலைகளும், கதைக்கு ஒன்றாக முளைக்கும் ஆட்டங்களும் பெருகுவதே என்னை வருத்துகிறது.

விளையாட்டின் ஸ்வரூபமே வரையறைதான். எல்லையுள்ள களமும், மீறக்கூடாத விதிகளும், எதிரே அமர்ந்து ஆட ஒரு தோழனும் இருந்தால்தான் அது விளையாட்டு. இன்யுயாஷா, பிளீச், நருடோ ஆகிய கதைகளுக்கெல்லாம் ஒரு காலத்தில் தனித்தனிச் சீட்டாட்டங்கள் இருந்தன. பின்னர் அவற்றை அச்சிடுவது நின்றது; போட்டிகளும் நின்றன. சீட்டுகள் இன்றும் பலருடைய பெட்டிகளில் பழுதின்றி இருக்கின்றன; எதிரே அமர்வதற்குத் தோழன் இல்லை. ஓர் ஊரில் பத்துப் பேர் ஓர் ஆட்டத்தை ஆடினால் அது ஒரு சிறு சங்கம். அதே பத்துப் பேர் பத்து ஆட்டங்களின் சீட்டுகளை வாங்கி வைத்திருந்தால் அங்கே பத்துத் தனிமைகளே எஞ்சும். ஒரு வஸ்துவின் அர்த்தம் அதன் காகிதத்தில் இல்லை, அதனை நடுவில் வைத்துச் சேரும் மனிதர்களின் உறவில் இருக்கிறது என்ற உண்மையை, இறந்துபோன இந்த ஆட்டங்கள் தெளிவாகப் போதிக்கின்றன.

இதற்கு மருந்தும் அதே ஜப்பானில் உண்டு. இன்று போக்கிமானுக்குப் பங்காளியாக விளங்கும் நின்டெண்டோ நிறுவனம், 1889இல் கியோத்தோ நகரில் ‘ஹனஃபுடா’ என்னும் மலர்ச்சீட்டுகளைச் செய்யும் தொழிலாகவே தொடங்கியது. பன்னிரண்டு மாதங்களுக்கு மாதம் நான்காக 48 சீட்டுகள் கொண்டது அந்தக் கட்டு. அந்த 48ஐ வைத்துக்கொண்டே தலைமுறை தலைமுறையாக ஆடிக் களித்தார்கள். அதே நகரின் ரியோவான்-ஜி ஆலயத்தில், கைகழுவும் கல்தொட்டி ஒன்றில், உள்ளது போதும் என்றறியும் ஞானத்தைப் போற்றும் வாசகத்தைப் பொறித்து வைத்திருக்கிறார்கள். துறவிக்கு மட்டும் உரிய உபதேசம் அன்று அது. ஆடுகிறவனுக்கும், ஆட்டத்தைச் செய்து விற்கிறவனுக்கும் அது பொருந்தும்.

ஆகவே அச்சிடுவோரை நான் வேண்டிக்கொள்வது இதுதான்: ஓர் ஆட்டத்தைத் தொடங்கினால், அதை நம்பி வந்த குழந்தைகளின் சங்கம் வேரூன்றும்வரை அதனைக் காப்பாற்றுங்கள், அருமையைத் திட்டமிட்டு உண்டாக்கி அன்பை அவாவாக மாற்றாதீர்கள். பெற்றோரை வேண்டுவது: குழந்தையின் கையிலிருந்து சீட்டைப் பறிக்காதீர்கள், எதிரே அமர்ந்து அவனோடு ஆடுங்கள். ஆடுகிறவர்களுக்குச் சொல்வது: நீங்கள் நேசிக்கும் ஒரு கதையை, ஓர் ஆட்டத்தைத் தேர்ந்துகொண்டு, கையிலுள்ள கட்டினால் ஆடுங்கள், கிடைக்காத சீட்டைக் கிடைக்காததாகவே விட்டுவிடுங்கள். எல்லாவற்றையும் சேர்த்து முடித்தபின் நிறைவு வருவதில்லை. போதும் என்று உளமார நினைக்கிறவனுக்கே அது வாய்க்கிறது.