விருந்தாளியிடம் காசு வாங்கலாமா?



பண்டாரவளைக்கு மேலே, தேயிலை மலையைப் பார்த்தபடி ஒரு வீடு இருக்கிறது. யாழ்ப்பாணத்திலிருந்து ஆசிரியத் தொழிலுக்கென அங்கு சென்ற ஒருவர், தோட்டத்துப் பெண்ணொருவரை மணந்து அங்கேயே குடியேறினார். பிள்ளைகள் இருவரும் வெளிநாடு சென்றுவிட்டார்கள். அவரும் இளைப்பாறிவிட்டார். மூன்று அறைகள் பூட்டியபடி கிடக்கின்றன. அவற்றைத் துப்புரவாக்கி, மலை பார்க்க வரும் உல்லாசப் பயணிகளுக்கு இரவுக்கு இவ்வளவு என்று கொடுத்து, காலையில் இடியப்பமும் சொதியும் சம்பலும் பரிமாறினால் என்ன என்பது மனைவியின் யோசனை. கணவருக்கும் அது பிடித்திருந்தது. எதிர்த்து நின்றவர் அவருடைய தாயார். எண்பது கடந்த ஆச்சி.

அந்தப் பக்கம் ஒரு அலுவலாகப் போயிருந்த நான் அவர்கள் வீட்டில் ஓர் இரவு தங்கினேன். இராச்சாப்பாட்டு வேளையில் பேச்சு இதில் வந்து நின்றது. ஆச்சி என்னைப் பார்த்துக் கேட்டார்:

“சுவாமி, தொண்ணூற்றைந்தில இடம்பெயர்ந்து போய்க் கொடிகாமத்தில ஒரு வீட்டு விறாந்தையில ஆறு மாதம் இருந்தனாங்கள். ஆரெண்டே தெரியாத சனம். அந்த மனுசி எங்களிட்ட ஒரு சதம் கேட்கேல்லை. இப்ப என்ர வாசலுக்கு வாறவனிட்ட நான் காசு வாங்கிறதோ?”

“உழைத்து உண்பதில் பாவமில்லை, ஆச்சி” என்றேன். குருமடத்தில் படித்தவனுக்கு இப்படியான மறுமொழிகள் நாவின் நுனியில் இருக்கும். ஆச்சி ஒன்றும் சொல்லாமல் செபமாலையை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டார். மறுநாட்காலை புகையிரதத்தில் ஏறி உட்கார்ந்த பின்புதான், அவர் கேட்ட கேள்விக்கு நான் பதில் சொல்லவேயில்லை என்பது எனக்கு உறைத்தது. 1995 ஒக்ரோபர் முப்பதாந் திகதி இரவு அந்த றோட்டில் நடந்தவர்களில் நானும் ஒருவன். அன்று எனக்குப் பதினைந்து வயது. எங்கள் குடும்பத்துக்கும் யாரோ ஒருவர் கதவைத் திறந்துவிட்டார்.

ஆகவே, வாசகரே, கேள்வியை முதலில் இருந்து பார்ப்போம்.

விருந்து என்ற சொல்லுக்குப் பழந்தமிழில் புதுமை என்பது பொருள். விருந்தினன் என்றால் புதியவன். மாமனும் மச்சானும் வருவது விருந்தன்று. அது உறவு கொண்டாடல். முன்பின் அறியாதவன் வாசலில் நிற்பதே விருந்து. இலத்தீன் மொழியில் ஹொஸ்பெஸ் என்ற ஒரே சொல் வந்தவனையும் குறிக்கும், வரவேற்பவனையும் குறிக்கும். ஹொஸ்பிற்றல் என்ற சொல்லும் ஹோட்டல் என்ற சொல்லும் அந்த ஒரே வேரில் கிளைத்தவை. ஒன்றில் நோயாளியைப் பராமரிக்கிறோம், மற்றதில் பணக்காரனை உபசரிக்கிறோம் என்று நாம் பிரித்து வைத்திருக்கிறோம். அந்தச் சொற்கள் பிறந்த காலத்தில் அவ்வளவு பிரிவினை இருக்கவில்லை.

நம் நாட்டிலும் வழிப்போக்கனுக்கு இடம் கொடுப்பது நெடுங்காலம் காசில்லாமலே நடந்தது. யாழ்ப்பாணத்து வீதியோரங்களில் மடங்கள் இருந்தன. சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கி, மாடு குடிக்கத் தண்ணீர்த் தொட்டி, பக்கத்தில் கேணி. கண்டிப் பகுதியில் சிங்களக் கிராமத்தவர் அம்பலங்களைக் கட்டி வைத்தார்கள். பின்னர் ஆங்கிலேயரின் றோட்டுகளோடு வாடிவீடுகள் வந்தன. அவற்றோடு விலைப்பட்டியலும் வந்தது. அதிலிருந்து இன்றைய வீட்டறை விடுதி வரைக்கும் ஒரே பாதைதான். அப்படியானால் ஆச்சி சொல்வதுதான் சரியோ? விலைப்பட்டியல் ஏறிய அன்றே விருந்து செத்துப்போயிற்றோ?

அவசரப்பட வேண்டாம். அல்ப்ஸ் மலையில், 2,469 மீற்றர் உயரத்தில், பெரிய சென் பேர்ணாட் கணவாயில் ஒரு விருந்தகம் உண்டு. பதினொராம் நூற்றாண்டில் புனித பெர்நார்து என்ற குருவானவர் நிறுவியது. அகுஸ்தீன் சபையினர் அதை நடத்தி வருகிறார்கள். பனியில் வழி தவறியவர்களை நூற்றாண்டுக் கணக்கில் அவர்கள் தேடிச் சென்று கொண்டுவந்து, நெருப்பும் உணவும் கொடுத்தார்கள், காசு கேட்கவில்லை. உண்மைதான். ஆனால் அந்த உணவு வானத்திலிருந்து விழவில்லை. நன்கொடைகளாலும், பக்தர் எழுதி வைத்த நிலபுலங்களின் வருமானத்தாலும் அது நடந்தது. 1964இல் மலையைக் குடைந்து சுரங்கப்பாதை திறந்த பின்பு, பிழைப்புக்காகக் கணவாயைக் கடப்போர் அவ்வழியால் போகிறார்கள். மேலே ஏறி வருபவர்களில் பெரும்பாலோர் விரும்பி வருபவர்கள். அவர்களிடம் இன்று கட்டணம் வாங்குகிறார்கள். அதில் தவறென்ன?

இலவசம் என்று ஒன்று இல்லை. வேறொருவர் அதன் செலவைச் சுமக்கிறார். நம் வீடுகளில் அதைச் சுமந்தது யார் என்று ஆண்கள் கொஞ்சம் நெஞ்சைத் தொட்டுப் பார்க்கட்டும். விருந்தோம்பலில் தமிழனுக்கு நிகர் யார் என்று மேடையில் முழங்குபவர் வீட்டில், விடிய நாலு மணிக்கு எழும்பி மா அவித்தவள் யார்? வந்தவர்களைச் சாப்பிட வைத்துவிட்டு அடிச்சட்டியைச் சுரண்டியவள் யார்? பண்டாரவளையில் அந்த மருமகள் அறைக்குக் காசு கேட்கலாம் என்று சொல்லும்போது, தன் உழைப்புக்கு முதன்முறையாக ஒரு பெறுமதி கேட்கிறாள் என்பதையும் நான் மறக்கக்கூடாது.

இன்னொன்றும் உண்டு. காசு கொடுத்தவனுக்கு ஒரு சுதந்திரம் இருக்கிறது. சுடுதண்ணீர் வரவில்லை என்று அவன் சொல்லலாம்; கம்பளி ஈரமாயிருக்கிறது என்று முறையிடலாம். இலவசமாய்த் தங்குபவன் குளிரில் நடுங்கிக்கொண்டு நன்றி சொல்ல வேண்டும். கொடுப்பவன் கொடுத்ததை நினைவுபடுத்திக்கொண்டே இருந்தால், அந்த விறாந்தை சிறைக்கூடமாகிவிடும். இடம்பெயர்ந்து வாழ்ந்தவர்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

நற்செய்தியில் நாம் வாசித்தும் கவனியாமல் விடுகிற ஒரு மனிதனிடம் இப்போது வருவோம். நல்ல சமாரியனின் உவமையில் குரு வருகிறான், லேவியன் வருகிறான், சமாரியன் வருகிறான். பிரசங்கம் அதோடு முடிந்துவிடும். சத்திரக்காரனைப் பற்றி யார் பிரசங்கம் வைத்தார்கள்? நானும் வைத்ததில்லை. அவன் காசு வாங்கியவன். இரண்டு தெனாரியம், கூலியாள் ஒருவனின் இரண்டு நாட் சம்பளம். கூடுதலாய்ச் செலவானால் திரும்பி வரும்போது தீர்ப்பதாகச் சமாரியன் சொல்லிவிட்டுப் போகிறான். யூத நாட்டில் ஒரு சமாரியனின் வாய்ச்சொல்லை நம்பி, குற்றுயிராய்க் கிடப்பவனை ஏற்றுக்கொள்வதென்றால் சாதாரணமா? அவன் செத்துப்போனால் பழி யார்மேல் வரும்? கடனைத் தீர்க்கச் சமாரியன் வராவிட்டால்? அந்தக் காசு அவனுடைய இரக்கத்தைக் கெடுத்ததாக ஆண்டவர் சொல்லவில்லை. அந்தக் காசும் அந்தச் சத்திரமும் இல்லாவிட்டால், சமாரியனின் இரக்கம் ஓர் இரவுக்கு மேல் தாங்கியிராது.

லூக்கா அந்தச் சத்திரத்துக்கு எழுதிய கிரேக்கச் சொல் பந்தோகெயோன். எல்லாரையும் ஏற்றுக்கொள்ளும் இடம் என்பது அதன் பொருள். பெத்லெகேமில் இடமில்லாமற் போனதைச் சொல்லும்போது அவர் அந்தச் சொல்லை எழுதவில்லை. அங்கே கத்தாலுமா என்று எழுதுகிறார். வீட்டிலுள்ள விருந்தினர் அறைக்கும் அது பெயர். இராப்போசனம் நடந்த அறைக்கும் அதே சொல்லைத்தான் இடுகிறார். எனவே இடமில்லை என்றது காசுக்கு அறை கொடுக்கும் சத்திரக்காரன் அல்ல, ஏதோவொரு வீட்டின் அறை நிரம்பியிருந்தது என்று வேத நூல் அறிஞர் பலர் கருதுகிறார்கள். நத்தார் நாடகங்களில் ஆண்டாண்டாக விளக்கைப் பிடித்துக்கொண்டு கதவைச் சாத்தும் அந்தச் சத்திரக்காரனுக்கு நாம் ஒரு மன்னிப்புக் கேட்க வேண்டியிருக்கலாம்.

அப்படியானால் ஆச்சி தோற்றாரா? இல்லை. கேள்வி இப்போதுதான் கூர்மையாகிறது. கட்டிலுக்கும் விரிப்புக்கும் சலவைக்கும் முட்டைக்கும் விலை போடலாம். அந்த வீட்டுக்கு யார் வரலாம், யார் வரக்கூடாது என்பதையும் அந்த விலையே தீர்மானிக்க விடலாமா?

வண்டி தியத்தலாவையைத் தாண்டி அப்புத்தளையில் நின்றபோது அடிஷாம் மாளிகை நினைவுக்கு வந்தது. தோமஸ் வில்லியர்ஸ் என்ற ஆங்கிலக் கனவான் கட்டி, 1931இல் குடிபுகுந்த கல்வீடு அது. 1960களின் தொடக்கத்திலிருந்து புனித ஆசீர்வாதப்பர் சபைத் துறவிகளிடம் இருக்கிறது. அங்கே அவர்கள் தங்குவதற்கு அறை கொடுத்ததுண்டு. தாங்கள் செய்த பழப்பாகும் பானமும் விற்பதுண்டு. அவர்களுடைய ஒழுங்கு நூலை ஆறாம் நூற்றாண்டில் எழுதிய ஆசீர்வாதப்பர், ஐம்பத்து மூன்றாம் அதிகாரத்தில், வருகிற விருந்தினர் எல்லாரையும் கிறிஸ்துவாகவே ஏற்கச் சொல்கிறார். பலருக்கும் தெரிந்தது இவ்வளவுதான். அதற்கப்பால் அவர் சொல்வது இன்னும் நுட்பமானது: ஏழைகளிலும் யாத்திரிகரிலும் கூடுதல் கவனம் வேண்டும், ஏனெனில் செல்வனுக்கு மரியாதை கொடுக்க யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை, அவனைக் கண்ட பயமே அதைக் கொடுத்துவிடும் என்கிறார். சில அதிகாரங்கள் தள்ளி, துறவிகள் தம் கைப்பொருளை விற்கும்போது வெளியில் விற்பதைவிடச் சற்றுக் குறைத்தே விற்க வேண்டுமென்றும் எழுதுகிறார். காசை வெறுத்த மனிதர் அல்லர். காசின் குணத்தை அறிந்தவர்.

இதை மலைநாட்டு விடுதி ஒன்றில் வைத்துப் பாருங்கள். வெள்ளைக்காரக் குடும்பம் வானில் வந்து இறங்குகிறது. புன்சிரிப்பு, இஞ்சித் தேநீர், பூங்கொத்து. அவர்களை ஏழு மணித்தியாலம் வளைவும் திருப்பமுமாக ஏற்றிக்கொண்டு வந்த சாரதி எங்கே படுக்கிறான்? வான் இருக்கையைச் சாய்த்து, துவாயைப் போர்த்திக்கொண்டு படுத்தவர்களை நானே கண்டிருக்கிறேன். அந்தக் குளிர் உங்களுக்குத் தெரியும். உள்நாட்டவர் வந்து அறை கேட்டால் முகம் சுருங்கும் விடுதிகளும் இல்லாமல் இல்லை. விரிப்புத் துவைக்கவும் குளியலறை கழுவவும் லயனிலிருந்து வருகிற பிள்ளை, விருந்தாளியின் கண்ணில் படாமல் பின்கதவால் போக வேண்டும் என்பது சில இடங்களில் எழுதாத சட்டம். அறைக்கு ஒரு விலை, யன்னலில் மலை தெரிந்தால் இன்னொரு விலை. இந்தக் கதை வந்தபோது அந்த மருமகள் மெல்லச் சிரித்துக்கொண்டு சொன்னது என்னை விட்டுப் போகவில்லை:

“அந்த மலையிலதான் சாமி எங்கம்மா கொழுந்து எடுத்தாங்க. இப்ப அதை யன்னல்ல இருந்து பார்க்கத் தனியாக் காசாம்.”

அந்தக் காட்சி யாருக்குச் சொந்தம்? 2024இல் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1,350 ரூபா என்று நிர்ணயித்தார்கள். சமாரியன் கொடுத்தது இரண்டு நாட் கூலி. உங்கள் அறையின் ஓர் இரவு எத்தனை நாட் கூலி என்று விலைப்பட்டியல் எழுதும் கையால் ஒருமுறை கணக்குப் பார்ப்பது நல்லது. குறைத்துத்தான் வாங்க வேண்டும் என்று நான் சொல்லவில்லை. துவைக்க வரும் பிள்ளைக்கு என்ன கொடுக்கிறீர்கள் என்பதையும் அதே தாளில் எழுதிப் பாருங்கள்.

இக்காலத்தில் இன்னொரு சோதனையும் சேர்ந்திருக்கிறது. 2007இல் சான் பிரான்சிஸ்கோ நகரில் இரண்டு இளைஞர் வாடகை கட்ட வழியில்லாமல், காற்றடைத்த மெத்தைகளை வீட்டில் விரித்து, காலையுணவும் தருவோம் என்று விளம்பரம் செய்தார்கள். எயார்பிஎன்பி என்று உலகெங்கும் பரந்த நிறுவனத்தின் பெயரே அந்த மெத்தையிலிருந்து வந்தது. இன்று வந்தவன் வீட்டுக்காரருக்குப் புள்ளி போடுகிறான். வீட்டுக்காரரும் வந்தவனுக்குப் புள்ளி போடுகிறார். புள்ளி குறைந்தால் அடுத்த மாதம் அறை வெறுமை. அன்பாயிருப்பது பரீட்சையாகிவிட்டது. களைத்திருக்கும் நாளிலும் சிரிக்க வேண்டும் என்பது தொழில். தொழிலுக்கான சிரிப்பைக் கபடம் என்று நான் சொல்லமாட்டேன். தாதிமாரும் ஆசிரியரும் குருக்களும் அப்படித்தான் பல நாள் சிரிக்கிறோம். புள்ளி போடும் அதிகாரமில்லாத சாரதிக்கும் அதே சிரிப்புக் கிடைக்கிறதா என்பதைத்தான் நான் கவனிப்பேன்.

ஊர் வந்து சேர்ந்ததும் அவர்களுக்கு ஒரு கடிதம் எழுதினேன். காசு வாங்குங்கள், கணக்கை நேர்மையாக வையுங்கள், பதிவு செய்யுங்கள், படத்தில் காட்டிய அறையையே கொடுங்கள் என்று எழுதினேன். சாரதிக்கு வீட்டுக்குள் கட்டிலும், எல்லாரோடும் ஒரே மேசையில் சாப்பாடும் கொடுங்கள். அதற்கு விலை போட வேண்டாம் என்றும் சேர்த்தேன். ஆச்சிக்குத் தனியாக ஒரு தாள் வைத்து, அன்று நான் சொன்னது பதிலல்ல என்று ஒப்புக்கொண்டேன்.

இரண்டு கிழமைக்குப் பின் மகனிடமிருந்து மறுமொழி வந்தது. மூன்று அறையில் இரண்டைத்தான் விடுதிக்குப் பதியப் போகிறார்களாம். மூன்றாவது, விறாந்தையோரத்துச் சிறிய அறை, விலைப்பட்டியலில் வராது. அது ஆச்சியின் கட்டளை. அங்கே யார் வந்தாலும் காசில்லை. ஆனால் மருமகளுக்கு ஒரு பயம் இருக்கிறது. 2019 உயிர்த்த ஞாயிறு அன்று கோவிலுக்குள்ளும் ஹோட்டலுக்குள்ளும் அந்நியரைப்போல் வந்தவர்கள் என்ன செய்தார்கள் என்பதை நாடு மறக்கவில்லை. இரவு பதினொரு மணிக்குத் தெரியாத ஒருவன் கதவைத் தட்டி, கையில் காசில்லை, அடையாள அட்டையும் இல்லை என்றால், வீட்டில் வயோதிபரை வைத்துக்கொண்டு திறப்பதா, விடுவதா, சாமியிடம் கேட்டு எழுதுங்கள் என்றாராம்.

அந்தக் கடிதம் மூன்று நாளாக என் மேசையில் கிடந்தது. நாலாம் நாள், அதை ஆச்சியிடம் கேளுங்கள் என்று எழுதி அனுப்பினேன்.