மழைக்கு மொய்

2018 ஆகஸ்ட் நடுவில் லீவுக்கு தென்காசி வந்திருந்தேன். குற்றாலம் பேரருவியில் தண்ணீர் ஆர்ச்சைத் தாண்டி விழுந்துகொண்டிருந்தது. குளிக்கத் தடை. "சீசன் களைகட்டிட்டுல மாப்ள" என்றான் நண்பன். அவன் போனில் செங்கன்னூரில் மொட்டைமாடியில் நின்று உதவி கேட்பவர்களின் வீடியோ. பார்த்தோம், பாவம் என்றோம், பரோட்டா சாப்பிடப் போனோம். அந்த வெள்ளத்தில் கேரளத்தில் 400 பேருக்கு மேல் இறந்தார்கள்.

அதே மாதம் திண்டுக்கல்லில் ஒரு பிரியாணிக் கடை கேரளத்துக்காக மொய் விருந்து வைத்தது. பில் கிடையாது. சாப்பிட்டுவிட்டு மனசுக்குத் தோன்றியதைப் போட்டுவிட்டுப் போகலாம். படித்தபோது எனக்கு உறுத்தியது. அங்கே ஊர் முங்கிக் கிடக்கு, இங்கே இலைபோட்டு பிரியாணியா? பிரியாணி இருந்தால்தான் கை பைக்குள் போகும் என்றால் அது என்ன உதவி?

என் ஆபீஸில் இந்த உறுத்தலுக்கே இடமில்லை. மெயில் வரும், பட்டனை அழுத்தினால் ஒருநாள் சம்பளம் கழியும். பிரதிபலன் எதுவும் இல்லாத சுத்தமான தானம். ஆனால் எந்த வெள்ளத்துக்கு எப்போது கொடுத்தேன் என்று கேட்டால் முழிப்பேன். ஜப்பானில் 2011 மார்ச் 11 சுனாமிக்குப் பிறகு, வடகிழக்குக் கரையோர ஊர்க்காரர்கள் அடித்துக்கொண்டு போன மேளங்களையும் வேஷங்களையும் தேடிச் சேர்த்து மான் ஆட்டத்தை மீண்டும் ஆடினார்கள். இறந்தவர்களுக்காகவும் ஆடுகிற ஆட்டம் அது. துக்கமும் கொண்டாட்டமும் சேரவே சேராது என்று எனக்கு யார் சொல்லிக்கொடுத்தது?

மொய்க்கு வருகிறேன். புதுக்கோட்டை, பேராவூரணி பக்கம் ஆடி, ஆவணியில் நடக்கும் மொய் விருந்து தானமே கிடையாது, வட்டியில்லாக் கடன். நோட்டில் பெயர் ஏறும், திருப்பிச் செய்தாக வேண்டும். அப்போ கேரளத்துக்கு வைத்த மொய்யை யார் திருப்பிச் செய்வது என்று ரொம்ப நாள் குழம்பினேன். கணக்கைத் தலைகீழாகப் படித்திருக்கிறேன். தென்மேற்குப் பருவமழை மலைக்கு மேற்கே கொட்டித் தீர்த்தது போக, ஆரியங்காவுக் கணவாய் வழியாக மிச்சம் வருவதுதான் எங்கள் சாரல். அங்கே வீட்டை முக்கிய மழைதான் இங்கே சீசன். விருந்து சாப்பிட்டவர்கள் நாங்கள். கடன் ஏற்கெனவே எங்கள் பெயரில் இருக்கிறது.

அருவியைப் பார்த்துச் சந்தோஷப்பட்டதைத் தப்பென்று இப்போதும் சொல்லமாட்டேன். தண்ணீர் விழுந்தால் தென்காசிக்காரன் சிரிக்கத்தான் செய்வான். கை கழுவிவிட்டு மொய் எழுதாமல் எழுந்துபோனது வேறு விஷயம்.

அன்று பரோட்டாவுக்கு ஆளுக்கு 250 ரூபாய் ஆனது, நன்றாக நினைவிருக்கிறது. கேரளத்துக்கு எவ்வளவு கழிந்தது என்று பழைய பே ஸ்லிப்பில்தான் தேட வேண்டும்.