இரண்டாவது ரிமோட் யாருக்கு?

பழைய டிவி கேம் ஒன்றை வாங்கலாமா வேண்டாமா என்று கொஞ்ச நாளாகவே யோசனை. காசு பெரிய தடை இல்லை. வீட்டிலும் யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனாலும் கடைக்காரர் எடுத்து மேசைமேல் வைக்கும் ஒவ்வொரு பெட்டியையும் புரட்டிப் பார்த்துவிட்டு, “அப்புறம் வர்றேண்ணே” என்று திரும்பிவிடுகிறேன். என்ன வாங்கப் போகிறோம் என்று எனக்கே தெளிவாகாதபோது பணத்தை எடுத்துக் கொடுக்கக் கை வரவில்லை.

தொண்ணூறுகளில் தமிழ்நாட்டில் வளர்ந்த பிள்ளைகளுக்கு டிவி கேம் என்றால் பெரும்பாலும் ஒரே பொருள்தான். ஜப்பானின் நின்டெண்டோ நிறுவனம் 1983 ஜூலையில் வெளியிட்ட ஃபேமிகாம் கருவியின் நகல் அது. அசலை உருவாக்கியவர் மசாயுகி உஎமுரா என்ற பொறியாளர். தைவானிலும் சீனாவிலும் செய்த நகல்கள் பர்மா பஜார் போன்ற கடைத்தெருக்கள் வழியாகவும், வெளிநாட்டிலிருந்து வந்த மாமாக்களின் சூட்கேஸ் வழியாகவும் நம் வீடுகளுக்கு வந்து சேர்ந்தன. கேசட்டின் மேல் ‘9999 இன் 1’ என்று அச்சிட்டிருக்கும். உள்ளே போனால் பத்திருபது கேம்களே வேறுவேறு பெயரில் திரும்பத் திரும்ப வரும். அதைப் பற்றி யாரும் சண்டைக்குப் போனதாக நினைவில்லை.

இப்போது கடைகளில் முதலில் காட்டுவது உள்ளங்கையில் அடங்கும் சீனக் கருவிகளை. சில ஆயிரம் ரூபாய்தான் விலை. நகம் அளவு மெமரி கார்டுக்குள் ஃபேமிகாம், சேகா, கேம்பாய், பிளேஸ்டேஷன் என்று பல்லாயிரம் கேம்கள். திரை பளிச்சென்று இருக்கிறது, பட்டன்கள் பதமாக அமுங்குகின்றன. நண்பர் ஒருவரிடம் இரவல் வாங்கி ஒரு சனி ஞாயிறு வைத்திருந்தேன். பட்டியலில் மேலும் கீழும் போய்க்கொண்டிருந்ததுதான் அதிகம். ஒன்றைத் திறப்பேன், முதல் லைஃப் போனதும் வெளியே வந்து அடுத்ததைத் திறப்பேன். சின்ன வயதில் எந்தக் குழாயைத் தாண்டினால் எந்த எதிரி வருவான் என்பதுவரை மனப்பாடமாக இருந்ததற்குக் காரணம், வேறு கேம் இல்லாததுதான். எல்லாமே இருக்கும் கருவியில் அந்த நெருக்கம் வரவே வழியில்லை என்று எனக்குத் தோன்றிவிட்டது.

மனப்பாடமாகும்வரை விளையாடியும் அலுக்காத அளவுக்கு அந்தப் பழைய கேம்களைச் செதுக்கியிருந்தார்கள் என்பதையும் சொல்ல வேண்டும். 1985இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் மொத்தமும் 40 கிலோபைட். இன்று போனில் எடுக்கும் ஒரே ஒரு போட்டோ அதைவிடப் பல மடங்கு பெரியது. இடம் போதாமல் வானத்து மேகத்தையும் தரைப் புதரையும் ஒரே படமாக வரைந்து, நிறத்தை மட்டும் வெள்ளையும் பச்சையுமாக மாற்றியிருக்கிறார்கள். அதன் முதல் திரையை இப்போது பார்த்தாலும் வியப்பாக இருக்கிறது. மாரியோ இடது பக்கமாக நிற்கிறான், வலப்பக்கம் வெறிச்சென்று கிடக்கிறது. எந்தப் பக்கம் போக வேண்டும் என்று யாரும் சொல்லவே வேண்டாம். நாலடி வைத்ததும் பழுப்பு நிற ஜந்து ஒன்று எதிரே வரும், தொட்டால் சாவு. அடுத்த முறை குதிப்போம். குதிக்கிற சாக்கில் தலைக்கு மேலிருக்கும் கேள்விக்குறிக் கட்டியை இடிப்போம். சற்றுத் தள்ளியிருக்கும் இன்னொன்றை இடித்தால் காளான் ஒன்று வெளியே வந்து வலப்பக்கம் நகர்ந்து போகும். போய்ப் பச்சைக் குழாயில் முட்டி, நம்மை நோக்கியே திரும்பி வரும். பயந்து குதித்தாலும் மேலிருக்கும் கட்டியில் தலை இடித்து அதன்மேலேயே விழ வாய்ப்பு அதிகம். தொட்ட பிறகு மாரியோ வளர்ந்து நிற்பான். அது நல்லது செய்வது என்று அப்போது தெரியும். ஷிகேரு மியாமோட்டோவும் தகாஷி தெசுகாவும் ஒரு வரி விளக்கம்கூட எழுதாமல் இத்தனையையும் கற்றுக்கொடுத்துவிட்டார்கள். இங்கிலீஷ் தடுமாறிய என்னைப் போன்ற பிள்ளைகளுக்கு அது வசப்பட்டது அதனால்தான்.

அந்த ஞாயிற்றுக்கிழமை அக்கா மகள் வந்திருந்தாள். அவளுக்கு வயது பத்து. தொண்ணூறுகளோடு அவளுக்கு எந்த ஒட்டும் உறவும் கிடையாது. எதுவும் சொல்லாமல் மாரியோவைப் போட்டுக் கையில் கொடுத்தேன். கொஞ்ச நேரத்தில், “மாமா, இவன் நிக்கச் சொன்னா உடனே நிக்க மாட்டேங்கிறான், சறுக்கிட்டுப் போறான்” என்றாள். ஓடிவந்து பட்டனை விட்டால் மாரியோ கொஞ்சம் சறுக்கித்தான் நிற்பான். ஆட்டத்தின் சுவையே அந்தச் சறுக்கலில் இருக்கிறது. அதைக் கணக்கில் வைத்து முன்கூட்டியே விடப் பழகினால் எவ்வளவு பெரிய பள்ளத்தின் விளிம்பிலும் நிறுத்திவிடலாம். சாப்பிடக் கூப்பிட்டபோது அவள் அதைத்தான் பழகிக்கொண்டிருந்தாள். என் ஆசை வெறும் பழைய நினைவின் ஏக்கமோ என்ற சந்தேகம் அன்றைக்குப் போயிற்று. எந்த நினைவும் இல்லாத பிள்ளைக்கும் பிடிக்கிறது என்றால் சரக்கு நல்ல சரக்கு.

அப்படியானால் அசல் கருவியையே தேடிப் பிடிக்கலாமே என்ற எண்ணமும் வந்தது. நாற்பது வயதான கருவியில் உள்ளே கெப்பாசிட்டர்கள் வற்றியிருக்கக்கூடும். கேசட் ஓடாவிட்டால் கழற்றி ஊதும் பழைய வைத்தியமும் தவறு. வாயின் ஈரம் தொடுமுனைகளை அரித்துவிடும் என்று நின்டெண்டோவே ஊத வேண்டாம் என எச்சரித்திருந்தது. ஊதியதால் ஓடியதாக நாம் நம்பினோம், கழற்றித் திரும்பச் செருகியதில் முனைகள் சரியாக உட்கார்ந்ததுதான் உண்மைக் காரணம்.

பொம்மைத் துப்பாக்கியால் வாத்து சுடும் ஆட்டத்துக்கு வேறொரு சிக்கல். அந்தத் துப்பாக்கியிலிருந்து எதுவும் வெளியே போவதில்லை. விசையை இழுத்ததும் திரை கண நேரம் கறுத்து, வாத்து இருந்த இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் வந்து மறையும். துப்பாக்கியின் குழாய்க்குள் இருக்கும் ஒளியுணரி அந்த வெளிச்சத்தைப் பார்த்ததா இல்லையா என்பதே கணக்கு. பழைய டியூப் டிவியில் படம் வரும் வேகத்துக்கு அளவெடுத்துச் செய்த ஏற்பாடு அது. இன்றைய தட்டை டிவியில் படம் ஒரு இமைப்பொழுது தாமதமாக வருவதால் எத்தனை முறை சுட்டாலும் வாத்து பறந்துகொண்டே இருக்கும். ஆக, வாத்துக்காக டியூப் டிவி ஒன்றும் வாங்க வேண்டும், அதை வைக்க மேசை, மேசைக்கு இடம். நின்டெண்டோவே 2016இல் 30 கேம்களோடு சின்னதாக ஒரு மறுபதிப்பு வெளியிட்டது. தட்டை டிவியில் அழகாக ஓடும், ஆனால் நான் தேடும் கேம் அதில் இல்லை.

நான் தேடுவது கான்ட்ரா. கொனாமி நிறுவனம் 1988இல் ஃபேமிகாமுக்குக் கொண்டுவந்தது. இரண்டு பேர் ஒரே நேரத்தில், ஒரே பக்கம் நின்று ஆடுவது. ஒரு குண்டு பட்டாலே லைஃப் போய்விடும். முப்பது லைஃபுக்கான மேல் மேல், கீழ் கீழ், இடம் வலம், இடம் வலம், பி, ஏ என்ற பட்டன் வரிசை எங்கள் தெருவில் அத்தனை பேருக்கும் தெரியும். மூன்றாவது கட்டம் அருவி. பாறைகளில் தாவித் தாவி மேலே ஏற வேண்டும். முன்னால் போகிறவன் ஏற ஏறத் திரையும் மேலே நகரும், பின்தங்கியவன் திரைக்குக் கீழே போய்ச் செத்துவிடுவான். எதிரி யாரும் சுட வேண்டியதில்லை, கூட்டாளியின் அவசரமே போதும். நானும் சித்தி மகனும் அந்த அருவியில் போட்ட சண்டைக்கு அளவில்லை. “நில்லுண்ணே, நில்லு” என்று அவன் கத்துவான். பிறகு தன்னால் ஒரு பழக்கம் வந்தது. ஒரு பாறை ஏறுவது, திரும்பிப் பார்ப்பது, அவன் ஏறியதும் அடுத்தது. பக்கத்தில் இருப்பவனின் வேகத்துக்கு என் வேகத்தைக் குறைக்க வேண்டும் என்று என் வாழ்க்கையில் முதலில் கற்றுக்கொடுத்தது பள்ளிக்கூடமோ பெரியவர்களோ கிடையாது, இந்த அருவிதான்.

இதை யோசித்தபோது கேள்வியே மாறிப்போயிற்று. டிவி கேம் என்பது எனக்குக் கேரம் போர்டு மாதிரி. எதிரே ஆள் இல்லாமல் கேரம் போர்டு வாங்கி வீட்டில் வைத்து என்ன செய்வது? பழைய பெட்டியின் விலை, வயது, நிறம் எல்லாவற்றையும் விசாரித்தேன். இரண்டாவது ரிமோட்டைப் பிடிக்கப்போவது யார் என்பதைத்தான் முதலில் விசாரித்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் மனதில் உறுத்துகிறது. நாம் ஆடியதெல்லாம் நகல். அத்தனை மகிழ்ச்சிக்கும் அதை உருவாக்கியவர்களுக்கு ஒரு பைசா போகவில்லை. பிள்ளைகளைக் குறை சொல்ல முடியாது, அசல் எங்கே விற்றது என்றே யாருக்கும் தெரியாது. இப்போதும் எல்லாம் முறைப்படி கிடைத்துவிடுவதில்லை. அமெரிக்காவில் வெளியான பழைய கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையில் இல்லை என்று அங்குள்ள வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023இல் வெளியிட்ட ஆய்வு சொல்கிறது. விற்பனையிலேயே இல்லாத கேமை ஒருவர் நகலில் ஆடினால் அவரை நான் குற்றம் சொல்ல மாட்டேன். கிடைக்கும்போது காசு கொடுப்பதுதான் மரியாதை. கான்ட்ரா கிடைக்கிறது. கொனாமியே 2019இல் பழைய கான்ட்ரா வரிசையை ஒரே தொகுப்பாக வெளியிட்டது, சாதாரண கம்ப்யூட்டரிலும் ஓடும்.

அதனால் பெட்டி வாங்கப் போவதில்லை. தொகுப்புக்கு முறையாகப் பணம் கட்டிவிட்டேன். வீட்டு லேப்டாப்பை டிவியில் இணைத்துக்கொள்ளலாம். கையில் எடுத்த காசில் மிச்சத்துக்கு, நல்ல வயர் வைத்த ரிமோட் இரண்டு வாங்கியாயிற்று. வாத்து சுட முடியாத வருத்தம் இருக்கிறது, அது இருக்கட்டும். சித்தி மகன் ஓசூரில் வேலை பார்க்கிறான், பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறான். அக்கா மகளும் வருகிறாள். ரிமோட் இரண்டு, ஆள் மூன்று. லைஃப் தீர்ந்தவர் எழுந்து அடுத்தவருக்கு இடம் விட வேண்டும், முப்பது லைஃப் வித்தை கிடையாது என்று இப்போதே இரண்டு பேரிடமும் சொல்லிவைத்துவிட்டேன்.