உயிருக்குப் பால் உண்டா?

தமிழில் 'பால்' என்னும் சொல் ஆண், பெண் என்ற பகுப்பையும், ஒருவருக்கென வகுக்கப்பட்ட பங்கையும், அப்பங்கை வகுக்கும் ஊழையும் குறிப்பதால், மனிதரின் பால் கருவிலேயே எழுதப்பட்டுவிடுகிறதா என்ற கேள்வி தமிழ் வாசகருக்கு வெறும் உயிரியல் பாடமாக ஒலிப்பதில்லை. முன்னோர் தலையெழுத்து என்று சொன்ன இடத்தில் இன்று குரோமோசோம் வந்து அமர்ந்திருக்கிறது. செல்லின் உட்கருவில் மரபுச் செய்தியைத் தாங்கும் டிஎன்ஏ இழை, புரதத்தோடு சுருண்டு திரண்ட உருவமே குரோமோசோம். மனிதருக்கு அவை 46 என்பதை 1956-இல் ஜோ ஹின் தியோவும் ஆல்பர்ட் லெவானும் எண்ணிக் காட்டினர். 23 இணைகளுள் 22 இருபாலருக்கும் பொது. எஞ்சிய ஓர் இணை பொதுவாகப் பெண்ணுக்கு எக்ஸ் எக்ஸ் எனவும் ஆணுக்கு எக்ஸ் ஒய் எனவும் அமைகிறது. தாயின் கருமுட்டையில் இருப்பது எக்ஸ்தான் என்பதால், வேறுபாடு தந்தையின் விந்தணுவிலிருந்தே வருகிறது. பள்ளிப் பாடத்தில் இது இடம்பெற்றும், பெண்மகவு பெற்றதற்குத் தாயைப் பழிக்கும் வழக்கம் ஓயவில்லை.

ஆனால் ஒய் குரோமோசோமே ஆண்மை என்று சொல்லிவிடவும் முடியாது. கருவின் தொடக்க வாரங்களில் இனப்பெருக்கச் சுரப்பிகள் இருபாலுக்கும் பொதுவான நிலையிலேயே உள்ளன. ஒய்யில் இருக்கும், 1990-இல் அடையாளம் காணப்பட்ட எஸ்ஆர்ஒய் என்னும் மரபணு தூண்டும்போது அவை விந்தகமாகத் திரும்புகின்றன. அவ்விந்தகம் சுரக்கும் ஆண்ட்ரோஜென் என்னும் இயக்குநீரை உடலின் செல்கள் முற்றிலும் ஏற்காவிடில், எக்ஸ் ஒய் உடையவரும் வெளித்தோற்றத்தில் பெண்ணாகவே வளர்கிறார். எழுத்து இருக்கிறது, அதை வாசிக்கும் உடல்தான் வேறாகிவிடுகிறது.

இந்த எழுத்து எல்லா உயிருக்கும் ஒன்றன்று என்பதற்கு முருகன் கோயில் கொண்ட பழனியைவிடப் பொருத்தமான ஊரைத் தேட வேண்டியதில்லை. முருகனின் ஊர்தியான மயிலுக்கும் கொடியில் நிற்கும் சேவலுக்கும் கணக்கு தலைகீழ்: பறவைகளில் ஆணுக்கே ஒத்த இணை, இசட் இசட், மாறுபட்ட இசட் டபிள்யூ இணை பெண்ணுக்கு உரியது. தோகையையும் குரோமோசோம் நேராகத் தந்துவிடுவதில்லை. பெட்டை மயிலின் சூலகம் சுரக்கும் ஈஸ்ட்ரோஜென் தோகையை அடக்கி வைக்கிறது என்பதால், முதுமையாலோ நோயாலோ சூலகம் ஓய்ந்த பெட்டைக்கு ஆண் மயிலின் இறகு முளைப்பதுண்டு. ஆண் மயிலுக்கு உரிய தோகையின் பெயரால் பெண்ணை அழைத்த தமிழ்ப் புலவர்களின் தவறு, அவ்வளவு பெரிய தவறன்று போலும். மலைமேல் கொடைக்கானலில் குறிஞ்சியாண்டவர் கோயிலுக்குப் பெயர் தந்த குறிஞ்சியோ, 12 ஆண்டுக்கு ஒருமுறை மலரும்போது ஒவ்வொரு பூவிலும் மகரந்தத் தாளையும் சூலகத்தையும் ஒருங்கே தாங்குகிறது. பழனிப் பஞ்சாமிர்தத்தில் பிசையப்படும் விருப்பாச்சி மலைவாழை இரண்டுக்குப் பதில் மூன்று தொகுதிகளாக 33 குரோமோசோம்கள் கொண்டது. விதையின்றிப் பக்கக்கன்றாலேயே பெருகும் அதற்கு ஆண், பெண் சேர்க்கை தேவைப்படுவதில்லை.

இவற்றைக் கொண்டு புராணம் மரபியலை முன்னறிந்தது என்று வாதிடுவது புராணத்துக்கும் பெருமையன்று, மரபியலுக்கும் பெருமையன்று. சைவ சித்தாந்தம் எழுப்பும் கேள்வி வேறு: பால் என்பது யாருடைய உடைமை? அதன் அடிப்படை நூலான, 13-ஆம் நூற்றாண்டின் மெய்கண்டார் இயற்றிய சிவஞான போதத்தின் முதல் நூற்பா, தோன்றி நின்று ஒடுங்கும் உலகைச் சுட்ட ஆண்பால், பெண்பால், ஒன்றன்பால் சுட்டுப்பெயர்கள் மூன்றையே எடுத்துக்கொள்கிறது. அதாவது இப்பகுப்பு முழுவதும் மாறும் பொருளின் பக்கத்திலேயே வைக்கப்பட்டிருக்கிறது. தனு எனப்படும் உடம்பு மாயையிலிருந்து வினைக்கேற்ப உயிருக்குத் தரப்படுவது. ஆகவே குரோமோசோம் தனுவின் நுண்ணிய உறுப்பேயன்றி, உயிரின் இலக்கணம் ஆகாது. இலக்கண நூலான தொல்காப்பியத்தின் கிளவியாக்க இயல் இன்னும் ஒரு படி மேலே செல்கிறது: உயர்திணையைச் சார்ந்தும் பால் பிரிந்து ஒலிக்காத சொற்களின் வரிசையில் அது உயிரோடு உடம்பையும் சேர்க்கிறது. இறந்தவர் ஆணாயினும் பெண்ணாயினும் தமிழர் 'உயிர் போயிற்று' என்றே சொல்கின்றனர். இத்தனை தெளிவு ஏட்டில் இருந்தும் கோயில் கருவறைப் பணி நெடுங்காலம் ஆணுக்கே உரியதாக இருந்ததைச் சித்தாந்தம் தடுக்கவில்லை என்பதையும் மறைப்பதற்கில்லை.

உடம்பின் பாலை உயிரின் பாலாகக் கொள்ளும் பிழை மருத்துவத்திலும் உண்டு. ஊடுபால் என்பது, பிறக்கும்போதே உடற்கூறு ஆண், பெண் என்ற இரு வரையறைக்குள்ளும் முழுமையாக அடங்காத நிலை. அவ்வாறு பிறந்த குழந்தைகளை அறுவைச் சிகிச்சையால் ஒரு பாலுக்குள் அடக்கிவிடும் வழக்கம், குரோமோசோமையோ உறுப்பையோ உயிரின் இறுதித் தீர்ப்பாகக் கொண்டதன் விளைவு. பழனியும் கொடைக்கானலும் அடங்கிய திண்டுக்கல் மாவட்டத்தின் மீது அதிகாரம் கொண்ட சென்னை உயர் நீதிமன்ற மதுரைக் கிளையில், 2019 ஏப்ரல் 22 அன்று நீதிபதி ஜி.ஆர்.சுவாமிநாதன் அளித்த தீர்ப்பு, இந்துத் திருமணச் சட்டத்தின் 'மணமகள்' என்னும் சொல் திருநங்கையையும் உள்ளடக்கும் என்று உரைத்ததோடு, அத்தகைய அறுவைச் சிகிச்சைகளைத் தடுக்க ஆணையிடுமாறும் மாநில அரசைப் பணித்தது. அவ்வாண்டு ஆகஸ்டில் வெளிவந்த தமிழக அரசாணை, உயிருக்கு ஆபத்தான நிலைகள் நீங்கலாக, ஊடுபால் குழந்தைகளுக்கு அவற்றைச் செய்யலாகாது என்று தடை விதித்தது.