யார் அமைத்த அசைவு?

மேடையில் நடந்துகொண்டிருந்த ஒரு பெண் இடது முழங்கையைச் சொறிந்துகொண்டாள் என்பது சிந்தனைக்குரிய விஷயமாக எவருக்கும் தோன்றாது. ஆயினும், நடன அமைப்பாளர்கள் சிலரது நவீனப் படைப்புகள் ஒன்றன்பின் ஒன்றாக அரங்கேறிய சென்னை மாலையொன்றில் நான் கண்ட பலவற்றுள்ளும், வாத்தியமோ சலங்கையோ ஒப்பனையோ இன்றி, சாதாரணப் பருத்தி உடையில் மேடையின் ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்கு அவள் நடந்து சென்றதும், பாதி வழியில் நின்று முழங்கையைச் சொறிந்ததுமே என் மனத்தை விட்டு அகல மறுக்கின்றன. அது அமைப்பாளர் வகுத்துக் கொடுத்த அசைவா, அல்லது வாஸ்தவமாகவே கொசு கடித்ததா?

வெறுமனே நடப்பது நடனமாகுமா என்பதல்ல என் சந்தேகம். 1962-இல் நியூயார்க்கின் ஜட்சன் தேவாலயத்தில் கூடிப் புதுமை செய்த இளைஞர்களுள் ஒருவரான ஸ்டீவ் பாக்ஸ்டன், பலரை மேடையில் நடக்கவும் நிற்கவும் அமரவும் மட்டுமே செய்து 1967-இல் ஒரு படைப்பை ஆக்கினார் என்று எப்போதோ படித்திருக்கிறேன். இங்கேயே, காஞ்சிபுரம் எல்லப்ப பிள்ளையிடம் பரதம் பயின்ற சந்திரலேகா, 1985-இல் 'அங்கிகா'வில் யோகத்தையும் களரியையும் பரதத்தோடு சேர்த்து, உடலையே விஷயமாக்கிக் காட்டவில்லையா? என்னை அலைக்கழிப்பது அந்த முழங்கைதான். வகுக்கப்பட்டதெனில், அவள் இயல்பை அபிநயித்தாள். தானாக நேர்ந்ததெனில், கலையின் நடுவே வாழ்க்கை குறுக்கிட்டது. இரண்டில் எதுவென்று அறியாமலே நான் ஆனந்தப்பட்டேனே, அந்த ஆனந்தம் எதைச் சேர்ந்தது?

சிறுவயதில், எங்கள் வட ஆர்க்காட்டுக் கிராமத்தில் பாரதக் கூத்து நடக்கும்போது, இருவர் பிடித்த திரைக்குப் பின்னால் துரியோதனன் ஆடிக்கொண்டே பிரவேசிப்பான். கூட்டம் முழுவதும் திரைக்குக் கீழே தெரியும் அவன் பாதங்களையே பார்த்திருக்க, நானோ திரை பிடித்தவர்களுள் ஒருவரைப் பார்த்துக்கொண்டிருப்பேன். உடற்பாரம் முழுவதையும் வலக்காலில் இறக்கி, இடக்காலை அரைவட்டமாகத் தரையில் தேய்த்தபடி நிற்பார். அதை அவருக்கு எந்த வாத்தியாரும் கற்பித்திருக்க நியாயமில்லை. சில வருஷங்கள் கழித்து, அவர் ஸ்தானத்தில் திரை பிடித்த அவருடைய மகனும் வலக்காலில் பாரத்தை இறக்கி, இடக்காலால் அதே அரைவட்டத்தைத் தேய்த்துக்கொண்டு நின்றான். ஒருவரும் வகுத்துக் கொடுக்காததும்கூட எங்கிருந்தோ வந்துவிடுகிறது போலும்.

கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டு நான் நடப்பது என் தகப்பனாருடைய நடை. பேச ஆரம்பிக்குமுன் தொண்டையைச் செருமுவது பள்ளியாசிரியர் ஒருவர் வழக்கம். கோபம் வந்தால் மௌனமாகிவிடுவது பாட்டியிடமிருந்து வந்தது. இவர்களுள் எவரும் எனக்குக் கற்பிக்க வேண்டுமென்று பிரயத்தனப்படவில்லை. நானும் கற்றுக்கொள்ளச் சம்மதித்ததாக ஞாபகமில்லை. அன்றைய மேடையைப் போலவே பல அமைப்பாளர்களின் கைவண்ணத்தைச் சுமந்து திரிகிறது இந்தச் சரீரம். அன்று கையில் கிடைத்த நிகழ்ச்சி நிரலில் அவர்கள் பெயர்களாவது அச்சிடப்பட்டிருந்தன.

சுபாவம் என்று நாம் பெருமையோடு சொல்லிக்கொள்வதில் இரவல் எவ்வளவு, சொந்தம் எவ்வளவு என்று பிரித்தறிய முடியுமா? தனிமையில் செய்வதே சொந்தமானது என்பார்கள் சிலர். தனிமையிலும் நான் கைகளைப் பின்னால் கோத்துக்கொண்டுதான் நடக்கிறேன். இரவலானாலும் சிரத்தையோடு செய்தால் சொந்தமாகிவிடும் என்று நம்ப ஆசைதான். ஆனால் அதை நிச்சயமாகச் சொல்லும் யோக்கியதை இந்த வயதிலும் எனக்கு வரவில்லை.