ஒளிந்தவரிடம் சாட்சி கேட்பது

2006இல் டெக்சாஸின் தென்கோடியில், மெக்சிகோ எல்லையை ஒட்டிய மெக்காலனில், பூர்வகுடிகள் கூடி ஆடும் பவ்வவ் விழா ஒன்று நடந்தது. மாறுவேடத்தில் வந்திருந்த மத்திய வனவிலங்குத் துறை அதிகாரி ஒருவர் ஆடியவர்களின் கழுகு இறகுகளைப் பறிமுதல் செய்தார். அவற்றுக்காக வழக்காடிய ராபர்ட் சோட்டோ ஒரு போதகர். லிப்பான் அப்பாச்சி இனத்தவர். கழுகு இறகு வைத்திருப்பது குற்றம். மத்திய அரசு அங்கீகரித்த பழங்குடிகளுக்குத்தான் விலக்கு. லிப்பான்கள் அந்தப் பட்டியலில் இல்லை. இத்தனைக்கும் 1838இல் டெக்சாஸ் குடியரசு அவர்களை ஓர் இனமாக மதித்து ஒப்பந்தம் போட்டிருந்தது.

பட்டியலே வேண்டாம் என்று சொல்லிவிட முடியாது. மருத்துவம், நிலம், கல்வி உதவி என்று வரும்போது ஒரு வாசலும் காவலும் தேவை. கனடாவின் நியூஃபவுண்ட்லாந்தில் கலிப்பு மிக்மாக் இனம் 2011இல் அங்கீகாரம் பெற்றபோது ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டோர் விண்ணப்பித்தார்கள். மிரண்டுபோன அரசு பாதி வழியில் விதிகளை இறுக்கியது. உறுப்பினர் அட்டை கையிலிருந்தவர்களே ஆயிரக்கணக்கில் வெளியே தள்ளப்பட்டார்கள்; ஒரே வீட்டில் அண்ணன் உள்ளே, தம்பி வெளியே.

டல்லாஸ் பக்கம் காப்பெலில் குடியேறிய தமிழர்களுக்கு இது புரியாத சங்கதி அல்ல. சாதிச் சான்றிதழுக்காகத் தாலுகா ஆபீஸ் வாசலில் கால்கடுக்க நின்றவர்கள் அவர்களில் உண்டு. ஆனால் பர்கூர் மலையில் வாழும் மலையாளி என்ற இனத்தவரின் சிக்கல் வேறு ரகம்: சேலத்தில் இருந்தால் பழங்குடி, ஈரோட்டில் இருந்தால் இல்லை. மலை ஒன்றாக இருந்தால் என்ன, பட்டியல் மாவட்டத்தைத்தானே பார்க்கிறது!

பழங்குடியாக அங்கீகாரம் பெற அமெரிக்க மத்திய விதியில் ஏழு நிபந்தனைகள். அவற்றில் ஒன்றுதான் உறுத்துகிறது: 1900 முதல் அந்த இனம் தொடர்ந்து பூர்வகுடியாக அடையாளம் காணப்பட்டதற்கு ஆவணம் வேண்டும். டெக்சாஸ் வரலாற்றோடு சேர்த்து அதைப் படிக்க வேண்டும். 1839இல் டெக்சாஸ் குடியரசின் அதிபர் லாமர் செரோக்கிகளைப் படை அனுப்பித் துரத்தினார். அவர்களின் முதிய தலைவர் போரில் கொல்லப்பட்டார். அந்த மண்ணில் பூர்வகுடி என்று கண்ணில் படுவதே ஆபத்தாக இருந்தது. ஸ்பானியப் பெயர் சூடி, மெக்சிகர் என்று சொல்லிப் பிழைத்த குடும்பங்கள் எத்தனையோ. துரத்தியவர்களின் வாரிசு அரசு இன்று கேட்கிறது: உங்கள் ஆவணம் எங்கே? ஒளிய வைத்தவரே ஆவணம் கேட்பது நியாயமாகாது. மெய்ப்பிக்கும் சுமையில் பெரும்பங்கு அரசின் தலையில்தான் விழ வேண்டும்.

வாசற்காவலை இனத்திடமே விடலாமா? எல் பாசோவின் திக்குவா மக்களுக்கு 1987 சட்டம் எட்டில் ஒரு பங்கு இன ரத்தம் இருந்தால்தான் உறுப்பினர் என்று அளவு வைத்தது. 2012இல் அதை நீக்கி முடிவை அவர்களிடமே விட்டார்கள். அதுவே சரி என்றாலும் முழு மருந்தல்ல. கலிபோர்னியாவில் காசினோ வருமானத்தில் பங்குதாரர்களைக் குறைக்க சில இனங்கள் தம் உறவினர்களையே நீக்கியதாகப் புகார்கள் உண்டு.

இறகு விஷயம் இதிலிருந்து தனி. அது பங்கு போட்டுத் தரும் பணம் அல்ல, வழிபாடு. கழுகைக் கொன்று விற்பவரைப் பிடிக்க வேறு வழிகள் உண்டு. 2014இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் சோட்டோ பக்கம் சாய்ந்தது. மறுவருடம் இறகுகள் திரும்பின. 2016 உடன்பாடு அவருக்கும் அவருடைய சபையைச் சேர்ந்த நானூற்றுக்கும் மேற்பட்டோருக்கும் இறகு வைத்திருக்கும் உரிமை தந்தது. மற்ற லிப்பான்கள் அந்த உடன்பாட்டில் இல்லை.